‘இன்று பிரியாணி நாளை டயட்’: கேலி வாசகம் தைப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

ஜனவரி 1 அன்று ‘வாரம் ஒரு எம்ப்ராய்டரி வளையம், எல்லாமே சிரிப்புப் பரிசு’ என்று டைரியில் எழுதுவது எளிது. மார்ச் மாதம் நூல் டப்பாவைத் திறந்தால் பாதி எழுத்தோடு நாலைந்து துணி கிடக்கும். சோம்பேறித்தனத்தின் மேல் பழி போட வேண்டாம், கணக்குதான் தப்பியிருக்கிறது.

மளிகைக் கடைப் பலகையில் இருக்கும் ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ வாசகத்தைத் திருப்பி, ‘இன்று பிரியாணி நாளை டயட்’ என்று, துணியை இறுக்கிப் பிடிக்கும் 6 அங்குல வளையத்தில் நாலு வரியாகத் தைப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 எழுத்து. ஒன்றரை செ.மீ. உயர எழுத்து ஒன்றுக்குச் சராசரியாக 7 செ.மீ. கோடு ஓடும். கோடு மொத்தம் 84 செ.மீ., இரண்டரை மி.மீ. தையலாகப் போட்டால் ஏறக்குறைய 340 தையல். நிமிடத்துக்கு ஆறு என்றால் ஒரு மணி நேரம். இலக்கு எழுதுகிறவர்கள் இந்த ஒரு மணி நேரத்தைத்தான் எண்ணுகிறார்கள். வரைவது, பிரிப்பது, அலசுவது, பின்பக்கம் மூடுவது எல்லாம் சேர்ந்தால் மூன்று மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். 52 வாரத்துக்கு 156 மணி! முதல் வளையத்தை முடித்து, ஆன நேரத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். யாருக்கு எந்த மாதம் பிறந்தநாள் என்று பார்த்து மாதம் ஒன்று போதும். பழைய பாதித் துணிகளும் வருஷத்துக்கான அந்த 12 வளையத்தில் அடங்கட்டும்.

தமிழ் எழுத்தைத் தைப்பதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கில எழுத்துக்குச் சரியாக வரும் 3 மி.மீ. பேக் ஸ்டிட்ச் (ஒவ்வொரு தையலும் பின்னோக்கிப் போய் முந்தைய தையலைத் தொடும் கோட்டுத் தையல்), நம் சுழிகளில் மூலை மூலையாக உடையும். மூன்று சுழி ‘ண’வில் ஒரு சுழி நசுங்கினால் பிரியாணி ‘பிரியானி’ ஆகிவிடும். பார்க்கிறவர்கள் வாசகத்தை விட்டுவிட்டு எழுத்துப்பிழையைப் பார்த்துச் சிரிப்பார்கள். நேர்கோட்டில் 3 மி.மீ., சுழியில் ஒன்றரை முதல் 2 மி.மீ. என்று தையலைச் சுருக்குங்கள். கயிறு முறுக்கியது போல ஓடும் ஸ்டெம் ஸ்டிட்ச் தெரிந்தால் வளைவுக்கு அதுவே நல்லது. எழுத்தை ஒன்றரை செ.மீ.க்குக் கீழே குறைக்காதீர்கள்.

அடுத்தது புள்ளி. நம் வாசகத்தில் இரண்டே புள்ளிதான், ‘ன்’னிலும் ‘ட்’டிலும். பிரெஞ்சு முடிச்சு (ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் குட்டி முடிச்சு) போட்டு, ஊசி ஏறிய துளையிலேயே திரும்ப இறக்கினால் முடிச்சு பின்பக்கம் நழுவிவிடும். துணியின் ஒன்றிரண்டு இழை தள்ளி இறக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் புள்ளிகளை மட்டும் தனியாக எண்ணிப் பாருங்கள்.

துணி 25 செ.மீ. சதுரப் பருத்தி. முதலிலேயே நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடாவிட்டால், தைத்த பிறகு அலசும்போது துணி சுருங்கி எழுத்தைச் சுற்றி மடிப்பு விழும். வளையத்தில் மத்தளம் போல இறுக்கமாக நிற்க வேண்டும். ஆனால் மூலைவாட்டில் இழுத்து இறுக்கினால் எழுத்து சாயும். நெசவு ஓடும் திசையில் மட்டும் இழுங்கள்.

வரைகோடு பலரின் வேலையைக் கெடுக்கிறது. தண்ணீரில் அழியும் பேனாவால் வரைந்து, அலசாமல் இஸ்திரி போட்டால் நீலக்கோடு சூட்டில் துணியோடு ஒட்டிவிடும், பிறகு போகாது. முதலில் சோப்பில்லாத குளிர்ந்த தண்ணீர், கோடு முழுக்கப் போன பின்புதான் இஸ்திரி. சூட்டில் அழியும் பேனா நேர் எதிர். வெயிலில் நிற்கும் காருக்குள் துணியை வைத்தால் தைப்பதற்கு முன்பே கோடு காணாமல் போகலாம். இஸ்திரி போட்டு ஒட்டும் பிரிண்ட் என்றால் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி அச்சிட வேண்டும்.

நூல் கண்டு வழக்கமாக 8 மீட்டர், ஆறு இழை. இந்த அளவு எழுத்துக்கு மூன்று இழை. நீளம் 45 செ.மீ.க்கு மேல் வெட்டினால் துணியில் உரசி உரசி நூல் பஞ்சாகும். இழைகளை ஒவ்வொன்றாக உருவிச் சேருங்கள், மொத்தமாகப் பிரித்தால் சிக்கும். சிவப்பு நூல் சாயம் விடலாம். ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்குப் பின்பக்கமாக நூலை இழுத்துக்கொண்டு போனால் வெள்ளைத் துணியில் முன்னால் நிழலாகத் தெரியும். வெட்டி மறுபடி தொடங்குவதே நல்லது. லேபிளில் உள்ள நிற எண்ணைத் தூக்கி எறியாதீர்கள், பாதியில் நூல் தீர்ந்தால் அதே சிவப்பைத் தேட அதுதான் வழி.

பின்பக்கத்தை மூட பசை வேண்டாம். ஊறி முன்னால் வரும், நாளடைவில் மஞ்சளாகும். வளையத்துக்கு வெளியே 3 செ.மீ. விட்டு வெட்டி, ஓட்டத் தையல் போட்டுச் சுருக்கி இழுத்து, மேலே ஃபெல்ட் (நெய்யாத தடித்த துணி) வட்டம் ஒன்றைத் தையுங்கள். வளையத்தின் திருகு எழுத்துக்கு நேர் மேலே நடுவில் இருக்கிறதா என்று இழுப்பதற்கு முன் பாருங்கள்.

இனி நகைச்சுவை. உடல் எடை, கல்யாணம், குழந்தை, சம்பளம் ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் சிரித்துவிட்டுக் கடந்துபோகும் கிண்டல் ஹால் சுவரில் மாட்டினால் தினமும் குத்தும். டயட் வாசகம்கூட, தன் டயட்டைத் தானே கேலி செய்துகொள்கிறவருக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு ‘சார்ஜர் கடன் அன்பை முறிக்கும்’ போதும். மாமியார் வந்து படித்தாலும் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.