பிட்டத்திலிருந்து கணுக்கால் வரை

இடப்பக்கப் பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்புறமாகக் கணுக்கால் வரை சுள்ளென்று இழுக்கும் வலி. கீழ்முதுகு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கி, உடம்பிலேயே தடித்த நரம்பான சயாட்டிக் நரம்பின் வேரை அழுத்துகிறது என்றார் மருத்துவர். படுத்தே கிடக்கக் கூடாது என்றும் சொன்னார்.

எனக்கு அதிகம் உதவியது, குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி மார்பை மெல்ல உயர்த்துவதுதான். வலி காலை விட்டு இடுப்புப் பக்கம் ஒதுங்கினால் நல்ல அறிகுறி. காலில் இன்னும் கீழே இறங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும். இடையிடையே சிறு நடை, வெந்நீர் ஒத்தடம், ஒருக்களித்துப் படுக்கையில் முழங்கால்களுக்கு நடுவே தலையணை. பக்கத்து வீட்டுப் பெரியவர் தந்த தைலம் நன்றாக மணந்தது, அவ்வளவே. சில வாரங்களில் வலி தணிந்தது.

பாதம் தொய்ந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ கைவைத்தியம் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.