40 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 5 எம்பிதான்

கோத்தகிரி வீட்டுக்கு 40 எம்பிபிஎஸ் (Mbps, நொடிக்கு இத்தனை மெகாபிட்) இணைய இணைப்பு வாங்கிய புதிதில், டவுன்லோட் வேகம் நொடிக்கு 5 எம்பியை (MB, மெகாபைட்) தாண்டவே இல்லை. மூடுபனிதான் காரணம் என்று நானாகவே முடிவுகட்டி, ரௌட்டரை நாலு தடவை அணைத்துப் போட்டேன். கோளாறு என் கணக்கில்! இணைப்பின் வேகத்தைச் சொல்வது பிட்டில். ஃபைலின் அளவு பைட்டில். ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆகவே 8ஆல் வகுங்கள்: 40 எம்பிபிஎஸ், நொடிக்கு 5 மெகாபைட். 1.5 ஜிபி வீடியோ என்றால் 1500ஐ 5ஆல் வகுத்து 300 நொடி, அதாவது 5 நிமிடம். நடைமுறையில் கொஞ்சம் கூடும். தரவு சின்னச் சின்னப் பொட்டலங்களாக வரும்போது, ஒவ்வொன்றோடும் முகவரி விவரமும் சேர்ந்து வருகிறதே. ஆங்கிலச் சுருக்கத்தில் சின்ன 'பி' (b) பிட், பெரிய 'பி' (B) பைட். ஸ்பீட் டெஸ்ட் ஆப்கள் பெரும்பாலும் காட்டுவதும் பிட் கணக்கைத்தான்.