டிரெய்லர் இழுக்கும் எஃப்-250 பிக்கப்பில் முன் பிரேக்கை மேம்படுத்துவது: புதியவர்களுக்கான செய்முறை

கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசனோவர் சுரங்கத்தைத் தாண்டி சில்வர்தோர்ன் பக்கம் இறங்கும் இடத்தில் 7 சதவீதச் சரிவு வரை இருக்கிறது. 3.5 டன் ஃபோர்டு எஃப்-250, பின்னால் 5 டன் டிரெய்லர், மொத்தம் 8.5 டன் என்று வைத்துக்கொள்வோம். இதை 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை முழுதாக நிறுத்தினால் பிரேக்கில் சேரும் வெப்பம் சுமார் 3.3 மெகாஜூல். அதே வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 42 மெகாஜூல், அதாவது 13 முறை முழுதாக நிறுத்தியதற்குச் சமம். வண்டி சீரான வேகத்தில் இறங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. இதில் பாதியை பிரேக் மிதியில் கால் வைத்தே சமாளித்தாலும் டிஸ்க்கு (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) தாங்காது.

அதனால் பிரேக்கை மேம்படுத்துவது என்றால் முதல் வேலை வெப்பத்தைப் பங்குபோடுவது. டிரெய்லரின் சொந்த பிரேக் தன் எடையைத் தானே பிடிக்க வேண்டும். இறக்கத்தில் டோ/ஹால் மோடும் (சுமை இழுப்பதற்கான கியர் அமைப்பு) குறைந்த கியரும், டீசல் வண்டியானால் எக்ஸாஸ்ட் பிரேக்கும் (புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சினாலேயே வேகம் குறைப்பது) வேகத்தைப் பிடிக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இல்லாத வண்டியில் விலை உயர்ந்த டிஸ்க் போடுவது வீண் செலவு. இன்னொன்று: எந்த பிரேக் போட்டாலும் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள எடை வரம்பும், கம்பெனி சொன்ன இழுக்கும் வரம்பும் ஒரு கிலோகூட ஏறாது.

என்னென்ன வாங்க வேண்டும்

டிஸ்க்கு இரண்டு. ஹை கார்பன் வார்ப்பில், வெறும் பரப்போ வரிக்கோடு வெட்டியதோ எடுக்கலாம். துளை போட்ட டிஸ்க் வேண்டாம். பார்க்க அழகுதான், ஆனால் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, துளை விளிம்பிலிருந்து விரிசல் ஓடும்.

டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் ஒரு செட், கனரகப் பயன்பாட்டுக்கான செமி மெட்டாலிக் (உலோகத்தூள் கலந்தது). பேட்டின் ஓரத்தில் அச்சடித்த குறியீட்டில் ‘எஃப் எஃப்’ (FF) போலச் சேர்ந்து வரும் இரண்டு ஆங்கில எழுத்தைப் பாருங்கள். முதல் எழுத்து குளிர்ந்த நிலை உராய்வு, இரண்டாவது சூடான நிலை உராய்வு. ‘இ’ (E) என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35, ‘எஃப்’ (F) என்றால் 0.35 முதல் 0.45, ‘ஜி’ (G) என்றால் 0.45 முதல் 0.55. இழுக்கும் வண்டிக்கு ‘எஃப் எஃப்’ அல்லது ‘ஜி ஜி’ தேடுங்கள். ‘ஜி இ’ என்று இருந்தால் ஊருக்குள் நன்றாகப் பிடிக்கும், மலை இறக்கத்தில் கைவிடும்.

புதிய கிளிப் செட், சிலிகான் பிரேக் கிரீஸ், ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் இரண்டு, ஒவ்வொரு ஹோஸுக்கும் புதிய செம்பு வாஷர் இரண்டு, பிரேக் ஆயில் 2 லிட்டர். எந்த ஆயில் என்பதை மூடியில் எழுதியிருப்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். டாட் 3 (DOT 3) ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், ஈரம் உறிஞ்சிய பிறகு 140. டாட் 4-க்கு இது 230, 155. டாட் 3 வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 4 வண்டியில் டாட் 3 ஊற்றக் கூடாது. டாட் 5 சிலிகான் ஆயில் எதிலும் கலக்கவே கூடாது. பழைய ஆயிலை மாற்றுவதுதான் இந்த வேலையிலேயே மிக மலிவான, மிகப் பெரிய மேம்பாடு. இறக்கத்தில் மிதி திடீரெனத் தரைவரை போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரம் ஏறிய ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாவதுதான்.

கருவிகளில் 250 பவுண்ட்-அடி வரை அளக்கும் டார்க் ரெஞ்ச், நீண்ட பிரேக்கர் பார், 6 டன் ஜாக் ஸ்டாண்ட் ஒரு ஜோடி, சி-கிளாம்ப், டிஸ்க்கின் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் ஆகியவை கட்டாயம்.

படி 1: கழற்றுவது

சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வீல் நட்டைத் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி ஒரு நொடியும் வேலை செய்யாதீர்கள்.

காலிப்பரை (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி) கழற்றியதும் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கினால் அது உள்ளுக்குள் கிழியும். அடுத்து காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட். இது அசையாது, பிரேக்கர் பார் தேவைப்படும். டிஸ்க் துரு பிடித்து ஒட்டியிருந்தால் ஹப்பை (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் நடுப்பகுதி) சுற்றிலும் துரு நீக்கும் எண்ணெய் விட்டு, வீல் ஸ்டட்களுக்கு நடுவே சுத்தியால் தட்டுங்கள். பின் டிஸ்க்கையும் மாற்றுவதானால் அதன் குழிக்குள் ஹேண்ட் பிரேக் ஷூ இருக்கிறது, அட்ஜஸ்டரைத் தளர்த்தாமல் இழுத்தால் ஷூ உடையும். பேட் தூளைக் காற்றடித்து ஊதாமல் பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

படி 2: ஹப்பைச் சுத்தம் செய்வது

புதியவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான், நிதானமாகச் செய்யுங்கள். ஹப் முகத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய துருத்தகடுகூட டிஸ்க்கைச் சாய்த்து உட்கார வைக்கும். அந்தச் சாய்வால் டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேட்டை உரசும். சில ஆயிரம் கிலோமீட்டரில் தடிமன் ஏற்ற இறக்கமாகி, மிதியில் நடுக்கம் வரும். ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

கம்பி பிரஷ்ஷால் வெள்ளி நிறம் தெரியும்வரை தேயுங்கள், ஸ்டட் அடிப்பகுதியையும் விடாமல். புது டிஸ்க்கைக் கிளீனரால் துடைத்து மாட்டி, நட்டை வாஷர் வைத்து இறுக்கி, டயல் கேஜ் ஊசியை வெளிவிளிம்புக்குச் சற்று உள்ளே வைத்துச் சுழற்றுங்கள். ஊசியின் ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. அதிகமிருந்தால் டிஸ்க்கை ஒரு ஸ்டட் தள்ளி மாட்டி மறுபடி அளவெடுங்கள்.

படி 3: பேட், பின், பிஸ்டன்

பிராக்கெட்டில் பேட் காது உட்காரும் இடத்தில் பழைய கிளிப்பைக் கழற்றித் துருவைச் சுரண்டுங்கள். அங்கே துரு இருந்தால் பேட் சிக்கி, உள் பேட் மட்டும் தேயும். காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்கள் மேலும் கீழும் ஒன்றுபோல இருக்காது. ரப்பர் உறை உள்ளது எந்தத் துளையிலிருந்து வந்ததோ அங்கேயே போக வேண்டும். சிலிகான் கிரீஸ் மட்டும் போடுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துப் பின்னை இறுக்கிவிடும்.

ஒவ்வொரு காலிப்பரிலும் பிஸ்டன் இரண்டு. பழைய பேட்டைக் குறுக்கே வைத்து சி-கிளாம்ப்பால் இரண்டையும் சேர்த்தே அழுத்துங்கள், ஒன்றை மட்டும் அழுத்தினால் மற்றொன்று வெளியே வரும். பிராக்கெட், காலிப்பர் போல்ட் இறுக்க அளவு மாடல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். உங்கள் ஆண்டின் சர்வீஸ் மேனுவலில் உள்ளதையே எடுங்கள்.

படி 4: ஹோஸும் ஏர் எடுப்பதும்

புது ஹோஸை முறுக்கு விழாமல் மாட்டி, போல்ட்டின் இருபுறமும் புது செம்பு வாஷர் போடுங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஹோஸ் எதிலும் உரசவில்லை, இழுபடவில்லை என்று பாருங்கள்.

ஏர் எடுக்கும் (குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும்) வரிசை பொதுவாக வலப்பின், இடப்பின், வலமுன், இடமுன். ஒருவர் மிதியை மெதுவாக அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் பிளீடரை (காலிப்பரில் காற்று வெளியேறும் சிறு திருகு) திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் மிதியை விட வேண்டும். தெளிவான ஆயில் குமிழில்லாமல் வரும்வரை தொடருங்கள். ஆயில் தொட்டி ஒருமுறை வற்றினாலும் ஏ.பி.எஸ். பெட்டிக்குள் காற்று புகுந்து, ஸ்கேனர் இல்லாமல் எடுக்க முடியாமல் போகலாம்.

எவ்வளவு எடுத்தாலும் மிதி பஞ்சு மாதிரி இருக்கிறதா? பிளீடர் காலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா பாருங்கள். கீழே இருந்தால் இடது வலது காலிப்பரை மாற்றி மாட்டியிருக்கிறீர்கள். காற்று மேலே தங்கிவிடும், வெளியே வரவே வராது. மாறாக மிதி கல்லாக இருந்தால், ஹைட்ரோபூஸ்ட் (பவர் ஸ்டியரிங் ஆயில் அழுத்தத்தால் மிதிக்கு உதவும் பூஸ்டர்) உள்ள வண்டியில் முதலில் பவர் ஸ்டியரிங் ஆயிலையும் பெல்ட்டையும் பாருங்கள், பூஸ்டருக்கு அழுத்தம் அங்கிருந்துதான் வருகிறது. அந்த ஆயில் ஒரு சொட்டும் பிரேக் தொட்டியில் விழக்கூடாது, சீல் எல்லாம் ஊதிக் கெடும்.

வீல் நட்டை நட்சத்திர வரிசையில் 165 பவுண்ட்-அடி, அதாவது 224 நியூட்டன் மீட்டர் இறுக்குங்கள். 160 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

படி 5: பேட்டைப் பழக்குவது

வண்டியை நகர்த்துமுன் மிதி கெட்டியாகும்வரை பம்ப் செய்யுங்கள். பிறகு டிரெய்லர் இல்லாமல், வெறிச்சோடிய சாலையில் 50-லிருந்து 10 கி.மீ. வேகத்துக்கு எட்டுப் பத்து முறை மிதமாக, அடுத்து 80-லிருந்து 15-க்கு ஆறேழு முறை சற்று அழுத்தமாக. நடுவில் முழுதாக நிறுத்தி மிதியைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். சூடான பேட் டிஸ்க்கில் ஒட்டித் தடம் பதிக்கும், நடுக்கம் அங்கேயே தொடங்கும். முடிந்ததும் பிரேக் தொடாமல் 15 நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள்.

படி 6: டிரெய்லர்

டிரெய்லரின் டிரம் ஷூவை அட்ஜஸ்ட் செய்த பிறகு, சுமையோடு, காய்ந்த சமதரையில் 30 முதல் 40 கி.மீ. வேகத்தில் வண்டிக்குள் இருக்கும் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரின் லீவரை மட்டும் முழுதாக அழுத்துங்கள். டிரெய்லர் சக்கரம் சிக்கிச் சறுக்கும்வரை கெய்ன் எண்ணை (டிரெய்லர் பிரேக்கின் பலத்தைக் குறிக்கும் எண்) கூட்டி, சறுக்கியதும் அதற்குச் சற்றுக் கீழே வையுங்கள். சுமை மாறினால் கெய்னும் மாறும். பிரேக்அவே சுவிட்சின் (டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானே பிடிக்க வைப்பது) கம்பியை உருவி, டிரெய்லர் பிடிக்கிறதா என்றும் பாருங்கள்.

முதல் மலை இறக்கம் முடிந்ததும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் எல்லா டிஸ்க்கையும் டிரம்மையும் அளவெடுங்கள். இரு முன் டிஸ்க்கில் ஒன்று மட்டும் அதிகமாகச் சூடேறியிருந்தால் அந்தப் பக்கம் ஸ்லைடு பின் சிக்கியிருக்கலாம். நான்கு டிஸ்க்கும் கொதித்து, டிரெய்லர் டிரம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் டிரெய்லர் சும்மாதான் வருகிறது. கெய்னையும், வயரிங்கையும், டிரம்முக்குள் ஷூவை இயக்கும் மேக்னெட்டையும் பார்க்காமல் அடுத்த இறக்கத்தில் இறங்காதீர்கள்.