அம்பாசிடர் தரைத் தகடு மாற்றியது: என் அனுபவம்

அம்பாசிடர் காருக்குத் தனி சேஸி (அடிச்சட்டம்) கிடையாது. பாடிதான் பாரம் தாங்குகிறது. அதனால் தரையை வெட்டும் முன் கதவு வாசலின் குறுக்கே ஒரு அங்குலச் சதுரக் குழாயை டேக் வைத்து (ஆங்காங்கே புள்ளியாகப் பற்றவைத்து) நிறுத்தினேன். இல்லாவிட்டால் நடுப்பகுதி தொய்ந்து, வேலை முடிந்தபின் கதவு சாத்தாது. பேட்டரி, மேட், பெட்ரோல் குழாய் எல்லாம் முதலிலேயே வெளியே.

சுத்தியலால் தட்டி, துருவேறி மந்தமாகச் சத்தம் வரும் இடத்தைத் தாண்டி, பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை வெட்டுங்கள். இதில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. மெலிந்த விளிம்பில் பற்றவைத்தால் ஓட்டைதான் விழும். அப்படி விழுந்தால் பின்னால் செம்புத் துண்டு பிடித்து நிரப்பலாம்.

புதிதாக 18 கேஜ் (சுமார் 1.2 மி.மீ.) சி.ஆர். தகடு, அதாவது பூச்சில்லாத குளிர் உருட்டல் தகடு, போட்டேன். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வேண்டாம், பற்றவைக்கும்போது அதன் துத்தநாகப் புகை காய்ச்சலையே வரவழைக்கும். விளிம்பில் 20 மி.மீ. மேலடுக்கு, அதில் பற்றவைத்து நிரப்ப 40 மி.மீ.க்கு ஒரு 8 மி.மீ. துளை, ஒட்டும் முகங்களில் வெல்டிங் தாங்கும் ஜிங்க் (துத்தநாக) பிரைமர். சி.ஓ.2 வெல்டிங் மெஷினில் 0.8 மி.மீ. கம்பி. ஒரு துளையை நிரப்பியதும் எதிர் மூலைக்குப் போக வேண்டும். வரிசையாக ஓட்டினால் சூட்டில் தகடு உப்பி, மிதித்தால் டொக் டொக்கென்று அடிக்கும். கேஸ் வெல்டிங்கில் இது இன்னும் மோசம்.

ஆறியதும் கிரைண்டர், பிரைமர், இணைப்பு முழுக்க நீர் புகாத சீலர் பசை, அடியில் துரு தடுக்கும் அண்டர்கோட் பூச்சு. வடிகால் துளைகளை சீலர் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன் கண்ணாடியின் ரப்பர் பீடிங்கையும் மாற்றிவிட்டேன். தண்ணீர் அந்த வழியாகத்தான் மேட்டுக்கடியில் இறங்கியது.