பொமரேனியன் கிராஸ் குட்டி எவ்வளவு பெரிதாகும்? வீட்டிலேயே கணிக்கும் முறை

"இதுக்கு மேல வளராதுங்க" என்று சொல்லித்தான் சின்ன நாய்க்குட்டிகளைக் கையில் கொடுப்பார்கள். கலப்பினக் குட்டிக்கு இந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது. ஆனால் ஒரு எடை மெஷினும் ஒரு நோட்டும் இருந்தால், நாலாவது மாதத்திலேயே நீங்களே ஓரளவு கணித்துவிடலாம். நம் ஊர் வீடுகளில் பரவலாக இருக்கும் பொமரேனியன் கிராஸை வைத்தே சொல்கிறேன்.

படி 1: தாயைப் பாருங்கள்

பொமரேனியன் என்ற பெயரில் இங்கே வளரும் பல நாய்கள் உண்மையில் அதைப் போலவே தோன்றும் இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வேறு இனம். அசல் பொமரேனியன் ஏறக்குறைய 3 கிலோவோடு நின்றுவிடும். ஸ்பிட்ஸில் சிறிய வகை 5 முதல் 7 கிலோ வரை வரும், பெரிய வகை 12 கிலோவையும் தாண்டும். அதனால் பெயரை விட்டுவிட்டு, தாய் நாயை நேரில் பாருங்கள். தகப்பனும் தெரிந்தால் நல்லது. ஆனாலும் இரண்டின் சராசரிதான் குட்டியின் எடை என்று நினைக்க வேண்டாம். நாயின் உருவ அளவில் ஐஜிஎஃப்1 என்ற மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று 2007-ல் கண்டறிந்தார்கள். அதோடு வேறு பல மரபணுக்களும் சேர்வதால், ஒரே ஈற்றுக் குட்டிகளிலேயே ஒன்று தாயைப் போலவும் இன்னொன்று தகப்பனைப் போலவும் வளரும்.

படி 2: வயதைப் பல்லில் சரிபாருங்கள்

வயது தப்பானால் கணக்கு மொத்தமும் தப்பு. உதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்கு ஊசி போன்ற பால் பற்கள்தான் இருக்கும். மூன்றரை, நாலு மாத வாக்கில் முன்பற்கள் விழுந்து, அகலமான, நுனியில் மூன்று சிறு மேடுகள் கொண்ட புதுப் பற்கள் முளைக்கும். "ரெண்டு மாசக் குட்டி" என்று கொடுத்ததற்கு அப்படிப் பல் இருந்தால், அதன் வளர்ச்சியில் கிட்டத்தட்ட பாதி ஏற்கெனவே முடிந்துவிட்டது.

படி 3: வாரம் ஒரு முறை எடை

ஒரே கிழமை, காலைச் சாப்பாட்டுக்கு முன்னால். சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு அகலமான பாத்திரத்தை வைத்து, ஜீரோ செய்து, குட்டியை உட்கார வையுங்கள். அதில் அடங்காத அளவுக்கு வளர்ந்ததும், குட்டியோடு நீங்கள் மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஆள் நிற்கும் மெஷினில் 100, 200 கிராம் வித்தியாசம் சாதாரணம். இவ்வளவு சின்ன நாய்க்கு அது பெரிய பிழை. முடிந்தால் டாக்டரிடம் போகும்போது அங்கேயும் ஒரு முறை எடை போட்டுப் பாருங்கள்.

படி 4: கணக்கு

"எடையை வாரங்களால் வகுத்து 52-ஆல் பெருக்கு" என்று ஒரு சூத்திரம் சுற்றுகிறது. சின்ன நாய்க்கு இது ஒத்துவராது. 16 வாரத்தில் 2.4 கிலோ இருக்கும் குட்டிக்கு இது 7.8 கிலோ என்று காட்டும். சின்ன நாய்கள் சீக்கிரமே வளர்ந்து முடிப்பதால், 16 வார எடையை இரண்டால் பெருக்கினால் போதும். 4.8 கிலோ வருகிறது. முன்னே பின்னே அரை கிலோ விட்டு, 4.3 முதல் 5.3 என்று எழுதி வையுங்கள். பாதம் பெரிதாக இருக்கிறதே என்பதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டாம்.

படி 5: கோடு எப்படிப் போகிறது?

செல்லப்பிராணி ஆராய்ச்சி செய்யும் வால்தம் நிறுவனத்தின் குட்டி வளர்ச்சி வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 6.5 கிலோவுக்குள் நிற்கும் நாய்க்கு ஆண், பெண் என்று தனித்தனி வரைபடம் உண்டு. 12 வாரத்திலிருந்து எடைகளைப் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். வரைபடத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பல கோடுகள் இருக்கும். உங்கள் குட்டி மேல் கோட்டை ஒட்டிப் போனாலும் கீழ்க் கோட்டை ஒட்டிப் போனாலும் பரவாயில்லை, தன் பாதையிலேயே போனால் சரி. இரண்டு கோடுகளைத் தாண்டி ஏறினாலோ இறங்கினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். வயிறு மட்டும் உப்பி, எடை ஏறாமல் இருந்தால் குடற்புழுவாக இருக்கலாம். சின்னதாகவே இருக்கட்டும் என்று சாப்பாட்டைக் குறைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இவ்வளவு சின்னக் குட்டிக்கு ஒரு வேளை தவறினாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, துவண்டு விழுந்துவிடலாம். மூன்று மாதம் வரை தினமும் நாலு வேளை கொடுங்கள்.

படி 6: எப்போது நிற்கும்?

உயரம் எட்டு, பத்து மாதத்தில் நின்றுவிடும். உடம்பு ஒரு வயது வரை சற்றுத் திரளும். அதற்கு மேல் ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு. பொமரேனியனின் புசுபுசு முடி அதை மறைத்துவிடும் என்பதால், விலாவைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும். இந்தச் சமயத்தில் குட்டி உணவிலிருந்து பெரிய நாய் உணவுக்கு ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். நல்ல விலையில் ஹார்னஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) வாங்குவதையும் அதுவரை தள்ளிப்போடுங்கள்.