கண்ணாடி நகைக்கு எந்தப் பசை?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில், பழைய ஜன்னல்களில் இருந்த வண்ணக் கண்ணாடித் துண்டுகளைத் தேடி வாங்கி, ஓரம் தேய்த்துப் பதக்கமும் தோடும் செய்கிறேன். “அக்கா, எது ரொம்ப ஸ்ட்ராங்கா ஒட்டும்?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அதில்லை. கண்ணாடியோடு எதை ஒட்டுகிறீர்கள், ஒட்டிய இடம் முன்பக்கம் தெரியுமா, இந்த இரண்டையும் பாருங்கள்.

கண்ணாடியும் பித்தளையும் என்றால் எனக்கு இரண்டு டியூப் எபாக்ஸிதான். அரால்டைட் மாதிரி, பசையும் இறுக்கியும் தனித்தனியாக வருவது. இரண்டையும் சம அளவு பிதுக்கி, குச்சியால் மெதுவாகக் கலக்க வேண்டும். வேகமாக அடித்தால் காற்றுக்குமிழ் ஏறிவிடும், தெளிந்த கண்ணாடிக்குப் பின்னால் அத்தனையும் தெரியும். சித்திரை வெயிலில் கலவை சீக்கிரம் இறுகும், அதனால் நாலைந்து தோட்டுக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். ஐந்து நிமிடத்தில் பிடிக்கும் வகை அவசரத்துக்கு ஆகும். ஆனால் தொங்கும் பதக்கத்துக்கு நான் மெதுவாக இறுகும் வகையையே எடுப்பேன், ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைப்பேன். ஒரு குறை உண்டு: வெயில் பட்டால் எபாக்ஸி நாளாக நாளாக மஞ்சளிக்கும். பச்சைக்கும் தேன் நிறத்துக்கும் பின்னால் அது தெரியாது, நிறமில்லாத கண்ணாடியில் தெரியும்.

நிறமில்லாததற்கு யுவி பசை, அதாவது புற ஊதாக் கதிர் பட்டால் இறுகும் பசை, நல்லது. நகப்பூச்சு விளக்கில் வைத்தால் சில நிமிடங்களில் இறுகும், வளவு முற்றத்து வெயிலும் போதும். ஆனால் வெளிச்சம் கண்ணாடி வழியாகப் போய்ப் பசையைத் தொட வேண்டும். அடர் சிவப்பும் தேன் நிறமும் அந்தக் கதிரைத் தடுத்துவிடும், உள்ளே பசை பிசுபிசுப்பாகவே கிடக்கும். செட்டிநாட்டு ஜன்னலில் சிவப்புக்கா பஞ்சம்!

சூப்பர் குளூ வேண்டாம். முதலில் இறுகப் பிடிக்கும், அப்புறம் ஒரு தட்டு பட்டாலே சில்லாகப் பெயரும். சுற்றிலும் வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி ஆகும். ஹாட் குளூ வழுவழுப்பான கண்ணாடியில் தோல் மாதிரி உரிந்துவிடும். வெள்ளைப் பசை கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் நடுவில் காயவே காயாது. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் பித்தளையைப் பச்சை பூக்க வைக்கும். சிலிக்கான்தான் வேண்டுமென்றால் வாடையில்லாத நியூட்ரல் வகை கேளுங்கள். பசையைத் துடைக்க எடுக்கும் அசிட்டோன் திரவத்தை ரசம் பூசிய கண்ணாடியில் படவே விடாதீர்கள், பின்பூச்சு கரைந்து கறை தெரியும்.

பசையைவிட முக்கியம், ஒட்டும் முகம். உலோகத் தட்டை மணல்தாளால் சொரசொரப்பாக்குங்கள். கண்ணாடியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்த பிறகு விரல் படக் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எந்தப் பசையும் நிற்காது. தோட்டுக்குத் தட்டு எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. பதக்கத்து வளையத்தை மேல் விளிம்பில் ஒட்டாதீர்கள். பின்புறம் அகலமான தட்டாக ஒட்டினால் எடை பரவி நிற்கும்.

ஓரத்தில் வழிந்த எபாக்ஸியை உடனே துடைத்தால் பூசினாற்போல் பரவும். ரப்பர் பதத்துக்கு வந்ததும் பிளேடால் சீவுங்கள், சுத்தமாக வந்துவிடும்.