லோகேலால ஆடுற டெஸ்ட்டை சரி பண்றது எப்படி

டெஸ்ட் நம்ம லேப்டாப்ல பாஸ் ஆகுது, சிஐ சர்வர்ல (கோடை தானாவே பில்ட் பண்ணி டெஸ்ட் ஓட்டுற மெஷின்) ஃபெயில் ஆகுது, அப்போ உடனே ரீரன் குடுக்காதீங்க. லோகேல்ங்கிறது மொழி, எழுத்து வரிசை, என்கோடிங் (எழுத்தை பைட்டா மாத்துற முறை) எல்லாம் எப்படின்னு சொல்ற மெஷின் செட்டிங். ரெண்டு மெஷின்லயும் லோகேல் கமாண்ட் அடிச்சு அவுட்புட்டை பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, பாதி நேரம் லேப்டாப்ல அமெரிக்க இங்கிலீஷும், எல்லா மொழியையும் தாங்குற யூடிஎஃப்-8 என்கோடிங்கும் இருக்கும், டாக்கர் கன்டெய்னர்ல ஒண்ணுமே செட் ஆகாம வெறும் போசிக்ஸ் (எந்த மொழியும் சாராத அடிப்படை லோகேல்) இருக்கும்.

சார்ட் பண்ற டெஸ்ட் இதுல முதல்ல அடி வாங்கும். போசிக்ஸ்ல பைட் வரிசைதான், அதனால இங்கிலீஷ் பெரிய எழுத்து 'பி'ல ஆரம்பிக்கிற பேர் சின்ன 'ஏ'க்கு முன்னாடி வந்துடும், அமெரிக்க லோகேல்ல அப்படி வராது. எல்சி_ஆல்ங்கிற என்விரான்மென்ட் வேரியபிளை சி.யூடிஎஃப்-8னு டெஸ்ட் ஸ்கிரிப்ட்லயே செட் பண்ணுங்க, அது லேங், எல்சி_கொலேட் மாதிரி மத்த லோகேல் வேரியபிள் எல்லாத்தையும் மீறி நிக்கும்.

அடுத்தது ஃபைல் படிக்கிறது. பைத்தான்ல ஓப்பனுக்கு என்கோடிங் சொல்லலன்னா 3.14 வரைக்கும் லோகேலை பார்த்துதான் முடிவு பண்ணும், விண்டோஸ்ல தமிழ் ஃபைல் கொத்துபரோட்டா ஆயிடும். 3.10ல இருந்து இதுக்குன்னே ஒரு வார்னிங் ஆப்ஷன் இருக்கு, அதை ஆன் பண்ணா எந்த வரின்னு அதுவே காட்டிக்குடுக்கும். ஜாவால 18ல இருந்து டீஃபால்ட்டே யூடிஎஃப்-8.

ரெண்டு வரியும் கண்ணுக்கு ஒண்ணா இருந்தும் ஃபெயில்னா ஹெக்ஸ்டம்ப் போட்டு உள்ள இருக்கிற பைட்டை நேரா பாருங்க. தமிழ்ல 'கொ' எழுதும்போது 'ொ' ஒரே கோட்பாயிண்டா (யூனிகோட்ல எழுத்துக்கு குடுத்த நம்பர்) இருக்கலாம், இல்ல கொம்பு தனி கால் தனின்னு ரெண்டா இருக்கலாம், கம்பேர் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் என்எஃப்சி (இப்படி பிரிஞ்சதை ஒண்ணா சேர்க்கிற யூனிகோட் வடிவம்) பண்ணிடுங்க. ஜாவாவோட ஜேடிகே 20க்கு மாறினப்ப பல பேரோட நேரம் காட்டுற டெஸ்ட் உடைஞ்சதுக்கும் இதே மாதிரி கண்ணுக்கு தெரியாத காரணம்தான், ஏஎம் பிஎம்முக்கு முன்னாடி இருந்த சாதாரண ஸ்பேஸ் ஒடுங்கின நோ-பிரேக் ஸ்பேஸா மாறிடுச்சு.

ஆனா லோகேலை பூட்டிட்டு அதோட விட்டுடாதீங்க, ப்ளீஸ். யூசரோட மெஷினை நாம பூட்ட முடியாது. துருக்கி லோகேல்ல இங்கிலீஷ் பெரிய எழுத்து 'ஐ'யை சின்ன எழுத்தாக்கினா புள்ளி இல்லாத 'ஐ' வரும், ஜாவால டைட்டில்னு கேப்பிட்டல்ல இருக்கிற கீயை டூலோயர்கேஸ் பண்ணா மேப்ல கிடைக்கவே கிடைக்காது. அது டெஸ்ட்டோட தப்பு இல்ல, நம்ம கோடுல இருக்கிற பக், டூலோயர்கேஸுக்கு லோகேல்.ரூட் (எந்த மொழியும் சாராத லோகேல்) குடுத்து சரி பண்ணணும். அதனால ராத்திரி ஓடுற பில்டுல ஒரு ரன் துருக்கி லோகேல்லயே ஓட்டுங்க. ஜாவான்னா யூசர்.லாங்வேஜ் ப்ராப்பர்ட்டி போதும், மத்ததுக்கு லோகேல் -ஏ (இன்ஸ்டால் ஆன லோகேல் லிஸ்ட்டை காட்டும்) அடிச்சு துருக்கி அந்த இமேஜ்ல இருக்கான்னு முதல்ல பாருங்க, இல்லாத லோகேலை செட் பண்ணா நிறைய ப்ரோக்ராம் சத்தமே இல்லாம போசிக்ஸுக்கு போயிடும், டெஸ்ட்டும் பச்சையா காட்டும்.